நாடகப் படிப்பில் மூன்று வருடம்: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

படிப்பை முடித்து வெளியே வந்த நாளிலிருந்து என்னிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். நாடகம் படிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு, நாலு தடவை மேடை ஏறினால் தானாக வந்துவிடாதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் படித்தது மூன்று வருடப் பட்டப்படிப்பு. நடிப்பு, அரங்க வடிவமைப்பு, மேடைத் தொழில்நுட்பம் மூன்றையும் எல்லாரும் படித்தாக வேண்டும், கடைசி வருடத்தில்தான் அதில் ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் நடிக்கத்தான் சேர்ந்தேன். வடிவமைப்பு, தொழில்நுட்பம் என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன், அதெல்லாம் கூடவே வருகிற துணைப்பாடம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். முதல் நாள் ஒத்திகை அறைக்குள் போனதும் ஆசிரியர் எங்கள் கையில் கொடுத்தது துடைப்பம். அரைமணி நேரம் தரையைப் பெருக்கினோம், அப்புறம் ஈரத்துணியால் துடைத்தோம். பெருக்கின குப்பையை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி எல்லாருக்கும் காட்டினார். இரண்டு திருகாணி, ஒரு ஸ்டேப்ளர் ஊசி, ஒரு கண்ணாடித் துண்டு. "இன்றைக்கு நீங்கள் எல்லாரும் வெறுங்காலோடு இந்தத் தரையில் உருளப் போகிறீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாதி விஷயம் அந்தத் தாளிலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மேடையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விழ முடிகிறது என்றால், அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தத் தரையைக் குனிந்து பார்த்திருக்கிறார்.

சரி, முதலில் நடிப்பு வகுப்புகள். முதல் ஆறு மாதம் வசனம் என்று ஒரு வரி கூடப் பேசவில்லை. தரையில் மல்லாந்து படுத்து மூச்சு, விலா எலும்பு விரிவது, தாடையைத் தளர்த்துவது, பிறகு ஒரே ஓர் உயிரெழுத்தை அறையின் கடைசிச் சுவர் வரைக்கும் அனுப்புவது. சத்தம் போடுவதும் குரலை அனுப்புவதும் வேறு வேறு என்பதைச் சொன்னால் யாருக்கும் புரியாது, தொண்டை வலிக்காமல் இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தால்தான் புரியும். உடல் வகுப்பில் லாபான் முறை எடுத்தார்கள், நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபான் அசைவைப் பகுத்துப் பார்க்க உருவாக்கிய முறை. எடை, வெளி, நேரம், ஓட்டம் என்று அசைவைப் பிரித்துவிட்டு, அதிலிருந்து வருகிற எட்டு வகைச் செயல்களை, அதாவது குத்துவது, அழுத்துவது, வீசுவது, பிழிவது, தட்டுவது, வழுக்குவது, சுண்டுவது, மிதப்பது என்று ஒவ்வொன்றாக ஒரு வாரம் முழுக்கச் செய்ய வைப்பார்கள். கதவைத் திறக்கிற ஒரே செயலை எட்டு விதமாகச் செய்தால் எட்டு மனிதர்கள் கிடைக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு பாத்திரம் பிடிபடாவிட்டால் நான் இந்த எட்டில் இருந்துதான் தொடங்குகிறேன்.

அப்புறம் நடுநிலை முகமூடி. பாரிஸில் 1956-ல் ழாக் லெகோக் தொடங்கிய பள்ளியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பயிற்சி இது. எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்கி எழுவது, நடப்பது, கடலை முதல் தடவையாகப் பார்ப்பது, அவ்வளவுதான். முகம் மறைந்ததும் உடம்பு எவ்வளவு பொய் சொல்கிறது என்பது பார்க்கிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இடது தோள் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும் என்பது அதுவரை எனக்கே தெரியாது, கண்ணாடியில் கூட நான் அதைக் கவனித்ததில்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறை இல்லாமல் எந்த நாடகப் படிப்பும் கிடையாது, இங்கும் உண்டு. தரப்பட்ட சூழல், நோக்கம், தடை, செயல் என்று பிரதியைக் கூறு கூறாகப் பிரிப்பது இரண்டாம் பருவம் முழுக்க நடந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும், 'வருத்தமாக' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள், 'அவனைத் தடுக்கிறேன்' என்று எழுதினால் விடுவார்கள். வருத்தத்தை யாராலும் செய்ய முடியாது, தடுப்பதைச் செய்ய முடியும். நடிப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த மிக உபயோகமான ஒரு விஷயம் இதுதான்.

ஆனால் இவ்வளவும் நல்ல பட்டறைகளிலும் கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போனதால் மட்டும் எனக்குக் கிடைத்தது மற்ற இரண்டு பாதைகள், அதைப் பற்றித்தான் நிறைய எழுத விரும்புகிறேன்.

வடிவமைப்பு வகுப்பில் முதலில் கற்பது அளவு. 1:25 அளவில் மாதிரி செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்பது இருபத்தைந்து சென்டிமீட்டர், ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் ஆளை அட்டையில் வெட்டி வைத்தால் அது 175 சென்டிமீட்டர் மனிதர். அந்த அட்டை மனிதரை மாதிரிக்குள் நிறுத்தாமல் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினால் ஆசிரியர் பார்க்கவே மாட்டார். நான் செய்த முதல் மாதிரி ஒரு வீடு. மாடிப்படி, வளைவான கைப்பிடி, மேலே ஒரு ஜன்னல், எல்லாம் வெள்ளை அட்டையில் மூன்று இரவு உட்கார்ந்து வெட்டினேன். ஆசிரியர் கண்ணை மாதிரியின் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் மூன்று கேள்வி கேட்டார். மாடி ஜன்னலில் தெரிகிற ஆள் எதன் மேல் நிற்கிறார்? இந்தக் கதவு வழியாக வெளியே போனவர் அடுத்த காட்சிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டுமே, எந்த வழியாகச் சுற்றிப் போவார்? இடது ஓரத்து இருக்கையில் இருப்பவருக்கு இந்தச் சுவருக்குப் பின்னால் காத்திருக்கும் நடிகர் தெரிவாரா மாட்டாரா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் ஒரு படம் வரைந்திருந்தேன், ஆட்கள் நடமாடுகிற இடத்தைக் கட்டவில்லை. அதற்குப் பிறகு நடிகராக ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் தரையில் ஒட்டியிருக்கும் வண்ண டேப்புகளை நான் வேறு மாதிரிப் பார்த்தேன். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இதே கேள்விகளோடு ராத்திரி உட்கார்ந்து யோசித்த கோடு. டேப்பில் கதவு என்று குறித்திருக்கும் இடத்தை விட்டுச் சுவரின் நடுவே நடந்துபோகும் நடிகர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பொறுக்காது.

உடை வடிவமைப்புக்கு ஒரு பருவம்தான் கொடுத்தார்கள், அது போதாது. இருந்தாலும் நாற்பது வினாடியில் ஓர் ஆளுக்கு உடை மாற்றுவதற்கு என்னென்ன வேண்டும், பொத்தான் தைத்த மாதிரித் தெரிந்து உள்ளே ஒட்டுப்பட்டி வைப்பது எப்படி, புதுத் துணியை நைந்துபோன துணி போல ஆக்குவதற்கு எங்கே தேய்க்க வேண்டும், உண்மையான சட்டை முதலில் எங்கே நையும் என்பதெல்லாம் கைவேலையாகவே கற்றுக்கொண்டோம்.

இனி வெளிச்சம். இந்தப் படிப்பில் என்னை மாற்றியது இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் கறுப்பு அரங்கத்தின் நடுவில் ஒரு நாற்காலி, அதில் எங்களில் ஒருவர், ஒரே ஒரு விளக்கு. மற்ற எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. அந்த ஒற்றை விளக்கை ஒரு மணி நேரம் இடம் மாற்றிக்கொண்டே இருந்தோம். நேர் முன்னாலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடுகிறது, எல்லாம் தெரிகிறது, ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் வைத்தால் கன்ன எலும்பும் கழுத்தும் எழுந்து வருகின்றன, நடனத்துக்கு ஏன் பக்க வெளிச்சம் வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நேர் மேலே வைத்தால் கண்கள் குழிக்குள் போய்விடுகின்றன, ஆள் தனியாகிவிடுகிறார். பின்னாலிருந்து வைத்தால் தலையைச் சுற்றி ஒரு விளிம்பு வந்து அவரைச் சுவரிலிருந்து பிரித்து முன்னால் தள்ளுகிறது. நாற்காலியில் இருந்த தோழி அந்த ஒரு மணி நேரமும் எதுவும் செய்யவில்லை, முகத்தை அசைக்கவே இல்லை. ஆனால் நாங்கள் அவளைப் பார்த்துப் பயந்தோம், இரக்கப்பட்டோம், ஒரு கட்டத்தில் அவள் எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகப்பட்டோம். நடிகரின் முகத்தில் நடப்பதெல்லாம் நடிகர் செய்வதுதான் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்த வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் கருவிகள். ஓரம் மென்மையாகக் கரையும் ஃப்ரெனல், ஓரத்தைக் கத்தி போல வெட்டிக்கொள்ள முடிகிற ப்ரொஃபைல், ஒரே வீச்சாக அடிக்கும் பார் கேன், இதற்கு மேல் எல்இடியும் தானாகத் தலை திருப்பும் விளக்குகளும். 1932-ல் ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் அமெரிக்காவில் எழுதி வைத்த முறையில்தான் இன்னும் தொடங்கச் சொல்கிறார்கள். மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, ஒன்றில் வெதுவெதுப்பான நிறம், மற்றதில் குளிர்ந்த நிறம். இரண்டு நிறமும் சேர்ந்து முகத்துக்கு வடிவம் கொடுக்கின்றன. கொஞ்ச நாளில் இதை மீறத் தொடங்குவோம், ஆனால் மீறுவதற்கு முன்னால் ஒரு தடவை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். நிறத்தில் இன்னொரு அடி வாங்கினேன். தூய சிவப்புத் துணியின் மேல் தூய பச்சை வெளிச்சம் விழுந்தால் துணி கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், படித்ததை மறந்துவிட்டுக் காட்டுக் காட்சிக்குப் பச்சை போட்டேன், உடை செய்த நண்பரின் பத்து நாள் வேலை ஒரே க்யூவில், அதாவது ஒரே ஒரு வெளிச்ச மாற்றத்தில், காணாமல் போனது. வெளிச்சம் வடிவமைக்கிறவர் உடைத் துணியை ஒரு தடவை கையில் வாங்கிக்கொண்டுபோய் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். அதற்கப்புறம் எந்த நாடகம் என்றாலும் நான் முதலில் கேட்பது துணித் துண்டுகளைத்தான்.

டிஎம்எக்ஸ் 512 என்று ஒரு தரநிலை உண்டு, 1986-ல் வந்தது. விளக்குகளை இயக்குகிற லைட்டிங் டெஸ்க்கும் விளக்குகளும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன, ஓர் இணைப்பில் 512 சேனல்கள். ஒரு விளக்குக்குப் பன்னிரண்டு சேனல் தேவை என்றால் முதல் விளக்கு 1, அடுத்தது 13, அதற்கடுத்தது 25 என்று முகவரி போட வேண்டும். இரண்டு விளக்குக்கு ஒரே முகவரி கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்று போலவே ஆடும். சின்னக் கணக்குதான். ஏணியில் ஏறி, ராத்திரி பதினொரு மணிக்கு, கை வலியோடு, சரியாகப் போட வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

வரலாற்று வகுப்பில் ஆசிரியர் மேற்கின் கதையைச் சொல்லிக்கொண்டு போனார். சுண்ணாம்பைச் சூடாக்கி ஒளிரவைத்த வெளிச்சம் 1837-ல் லண்டன் கோவென்ட் கார்டனுக்குள் வந்தது, 1881-ல் அதே நகரத்தின் சவாய் அரங்கம் முழுக்க மின்விளக்குக்கு மாறியது, சுவிட்சர்லாந்து மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் அப்பியா, படம் தீட்டின திரைகளை அகற்றிவிட்டுப் படிகளையும் நிழலையும் கொண்டுவரச் சொன்னார் என்று. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைதான் மனசில் ஓடியது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லி, கோல் என்பது இருபத்து நான்கு விரல் என்று அளவுகோலுக்கும் அளவு சொல்லி, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை சொல்லி, அத்தோடு தூணின் நிழல் மேடையில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைத்தார்கள் என்றும் ஒரு வரி வருகிறதே, அந்த வரியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ஒரு லைட்டிங் குறிப்பு என்று எனக்குத் தெரியாது. ஏணியில் நின்று ஒரு தூணின் நிழலை ஒதுக்குவதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடிய பிறகு படித்தால் அந்த வரியை எழுதியவர் மேடைக்குப் பின்னால் நின்றவர் என்று சத்தியம் செய்யத் தோன்றுகிறது.

மேடை மேலாண்மைக்கு வருகிறேன். இரண்டாம் வருடத்தில் எல்லாரும் ஒரு நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜராக இருந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று மனுக் கொடுத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நடிகரும் எந்த வசனத்தில் எங்கே நகர்கிறார் என்பதைப் பென்சிலில் குறித்துக்கொண்டே வர வேண்டும், ஏனென்றால் அது நாளைக்கு மாறும். அந்தப் பிரதிதான் பிறகு ப்ராம்ப்ட் புக் ஆகிறது, நிகழ்ச்சி நடக்கும்போது எல்லா வெளிச்சமும் ஒலியும் திரையும் அதைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. ஹெட்செட்டில் "லைட் க்யூ 47, ஸ்டாண்ட்பை" என்போம், டெஸ்க்கில் இருப்பவர் "ஸ்டாண்ட்பை" என்று திருப்பிச் சொல்வார், சரியான நொடியில் "லைட் க்யூ 47, கோ". அந்தக் கடைசிச் சொல்லை வேறு எதற்காகவும் ஹெட்செட்டில் உச்சரிக்கக் கூடாது, பேச்சுவாக்கில் வந்தால் கூட யாராவது பொத்தானை அழுத்திவிடுவார்கள்.

வெளிச்சம், ஒலி எல்லாவற்றையும் நடிப்போடு சேர்த்துப் பார்க்கிற டெக்னிக்கல் ஒத்திகையில் அந்த 47-ஐ நான் அரை வரி முன்னால் சொல்லிவிட்டேன். அது முழு இருட்டு. நடிகர் அப்போது உயர்தளத்திலிருந்து மூன்றாவது படியில் இறங்கிக்கொண்டிருந்தார். இருட்டில் ஒரு சத்தம், பிறகு எதுவுமே கேட்கவில்லை. வேலை விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், அடி எதுவும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு "இன்னொரு தடவை போகலாம்" என்றார். அந்த இடத்தில் க்யூவை வசனத்தோடு கட்டாமல், அவருடைய கால் கீழே ஒளிர் டேப்பைத் தொடுவதோடு கட்டும்படி மாற்றிக்கொண்டோம். அன்றைக்குப் பிறகு நான் எத்தனையோ தடவை நடித்திருக்கிறேன், வெளிச்சம் அணையும் ஒவ்வொரு தடவையும் என் காலை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தே நடிக்கிறேன். அதனால் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் நிற்கிறேன். முன்பெல்லாம் உணர்ச்சி வந்தால் இரண்டடி தள்ளி நின்றுவிடுவேன், அதை உயிரோட்டம் என்று நினைத்திருந்தேன்.

பாதுகாப்புப் பாடம் தனியாக இருந்தது, எல்லாரும் தூங்குவார்கள் என்று நினைத்துப் போனேன், யாரும் தூங்கவில்லை. சிகாகோவின் இரோகுவாய் அரங்கத்தில் 1903 டிசம்பர் 30 அன்று நடந்த தீ விபத்தை நொடி நொடியாகச் சொன்னார்கள். மேடை விளக்கு ஒன்றிலிருந்து கிளம்பிய பொறி துணித் திரையைப் பிடித்தது, தீத்தடுப்புத் திரையை இறக்கப் பார்த்தபோது அது பாதியில் சிக்கிக்கொண்டது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. 602 பேர் இறந்தார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வழியில் ஏன் ஒரு பெட்டியைக் கூட வைக்கக் கூடாது, ஒவ்வொரு விளக்கிலும் கொக்கி போக ஒரு பாதுகாப்புக் கம்பி ஏன் என்று அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. எந்த அரங்கத்துக்குள் போனாலும் முதலில் வெளியேறும் வழியைத் தேடுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, அந்த ஒரு மதிப்பெண்.

முதல் குறை, நேரத்தை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. டெக்னிக்கல் ஒத்திகை வாரத்தில் காலை பத்து மணிக்கு உள்ளே போனால் ராத்திரி பத்துக்கு வெளியே வருவோம், அதே வாரத்தில் ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்ட் பற்றி மூவாயிரம் சொல்லில் கட்டுரையும் கொடுக்க வேண்டும். கோட்பாட்டு ஆசிரியர்களும் செய்முறை ஆசிரியர்களும் ஒரே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு ஒருவர் அட்டவணையை மற்றவர் பார்ப்பதே இல்லை. மூன்று வருடமும் சொன்னோம், மூன்று வருடமும் மாறவில்லை. களைத்துப்போன ஆட்கள் ஏணியில் ஏறுகிறார்கள் என்பதால் இதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

இரண்டாவது, குழு மதிப்பெண். நாடகம் கூட்டுவேலை, அதனால் கூட்டாக மதிப்பெண் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எட்டுப் பேரில் இரண்டு பேர் ஒத்திகைக்கே வராமல் இருந்தால் மற்ற ஆறு பேர்தான் அந்த ஓட்டையை அடைக்கிறார்கள், தாளில் எட்டுப் பேருக்கும் ஒரே எண். ஒவ்வொருவரும் தன் வேலைக் குறிப்பேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று கடைசி வருடத்தில் கொண்டுவந்தார்கள், முதலிலேயே செய்திருக்கலாம்.

மூன்றாவது, பெரிய பாத்திரங்கள் யாருக்கு என்பது. முதல் வருடத்தில் குரல் பெரிதாக இருந்த நாலைந்து பேர்தான் மூன்றாம் வருடம் வரைக்கும் முன்னால் நின்றார்கள். கற்க வந்த இடத்தில் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்ப வாய்ப்பு என்றால் மற்றவர்கள் எங்கே போய்த் தவறு செய்து பழகுவது? ஒலி வடிவமைப்புக்கு இரண்டே வாரம் ஒதுக்கியதும், வேலைக்குப் போனால் சம்பள ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும், ஒரு தயாரிப்புக்குச் செலவுக் கணக்கு எப்படிப் போடுவது என்று ஒரு வகுப்பு கூட இல்லாததும் இதோடு சேரும்.

நாடகத்துக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்ற சந்தேகம் புதிது கிடையாது. பிட்ஸ்பர்க்கில் இருந்த கார்னெகி தொழில்நுட்பக் கழகம் 1914-ல் நாடகத்துக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது, அமெரிக்காவில் முதல் நாடகப் பட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மரம் அறுக்கவும் இரும்பு ஒட்டவும் கற்றுக்கொடுக்கிற இடத்தில் நாடகம் போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

யாருக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும்? சினிமாவில் முகம் தெரிய வேண்டும், அதுவும் சீக்கிரம் என்றால் மூன்று வருடத்தை இதில் போடாதீர்கள், மனம் வெறுத்துப் போகும். என் வகுப்பிலேயே அப்படி வந்த மூன்று பேர் முதல் வருடத்தோடு போய்விட்டார்கள், அவர்கள் போனது சரி என்றுதான் நினைக்கிறேன். நடிக்கவும் வேண்டும், கையால் எதையாவது செய்யவும் பிடிக்கும், ஒரு கூட்டத்தோடு மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்றால் தயங்க வேண்டாம். கூடப் படித்தவர்களில் ஒருவர் அருங்காட்சியகக் காட்சிகளுக்கு வெளிச்சம் அமைக்கிறார், ஒருவர் பள்ளிக் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறார், ஒருவர் பொம்மைகளும் மேடைப் பொருட்களும் செய்து கொடுக்கிறார், இரண்டு பேர் சொந்தமாகக் குழு வைத்திருக்கிறார்கள். நான் நடிக்கிறேன், நடிப்பு இல்லாத மாதங்களில் ஸ்டேஜ் மேனேஜராகப் போகிறேன். வாடகை பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையில்தான் வருகிறது, அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

சேருவதற்கு முன்னால் வளாகத்தைப் பார்க்க அழைப்பார்கள், கட்டாயம் போங்கள். பெரிய அரங்கத்துக்குத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவார்கள், இருக்கைகளும் திரையும் பார்க்க அழகாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, முதல் வருட மாணவர்கள் லைட்டிங் டெஸ்க்கைத் தொடலாமா என்று கேளுங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒத்திகை அறை கிடைக்கும், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். போன வருட மாணவர் ஒருவரின் ப்ராம்ப்ட் புக்கைக் காட்டச் சொல்லுங்கள், அழித்து அழித்து எழுதியிருந்தால் நல்லது. கடைசியாக மரவேலைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சில இடங்களில் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவார்கள். நான் படித்த இடத்தில் கதவு திறந்தே இருந்தது, உள்ளே ஒரு மாணவி காதில் பாதுகாப்புக் கவசத்தோடு பலகை அறுத்துக்கொண்டிருந்தாள், தரையெல்லாம் மரத்தூள், சுவரில் அன்றைக்குப் பெருக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல்.